ஆம்பூருக்கு வராத ரீல்

நவநீதனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும்தான் உயிரோடு இருந்தது. ஆம்பூரில் அவனை எல்லாரும் கிர்கோ என்றுதான் கூப்பிட்டார்கள். ஷூ கம்பெனி வாசலில் நிற்கும் செக்யூரிட்டியிலிருந்து மானேஜர் பரணிதரன் வரைக்கும் அவன் கிர்கோதான். தையல் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் அது ஏதோ வெளிநாட்டில் டிரெயினிங் முடித்தவர்களுக்குக் கொடுக்கிற பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவனும் திருத்தவில்லை. சும்மா கிடைக்கிற மரியாதையை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்தப் பெயரை வைத்தவன் நிசார் அஹமது. இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு படிக்கிறபோது ஊர்த் தியேட்டருக்கு ‘சனிக்கோள் கைதிகள்’ என்று ஒரு டப்பிங் படம் வந்தது. சனிக்கிரகத்துக்குப் பக்கத்தில் ஒரு சுரங்கம், அதில் அடிமைகளாக மாட்டிக்கொண்ட அண்ணன் தங்கை, அவர்களுக்குத் துணையாக ஒரு பிராணி. மூன்று காது, சாம்பல் நிறத்தில் ரோமம், பேசினால் கதவு கிறீச்சிடுகிற குரல். அதுதான் கிர்கோ. தன் சாப்பாட்டைக் குழந்தைகளுக்குப் பிய்த்துக் கொடுக்கும். காவலாளிகள் கண்ணில் படாமல் இருக்கக் குகையில் ஒரு பொந்தைக் காட்டும். கடைசியில், மூடுகிற இரும்புக் கதவைத் தன் முதுகால் தாங்கிப் பிடித்து அவர்களை வெளியே அனுப்பிவிட்டு நசுங்கிச் செத்துப்போகும். தியேட்டரே அழுதது. பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த பெரிய மீசைக்காரர்கள்கூடத் துண்டால் மூக்கைச் சிந்தினார்கள்.

சாகும்போது கிர்கோ, “என்னை மன்னிச்சிடுங்க” என்று சொல்லும். எதற்கு மன்னிப்பு? இரண்டு பையன்களும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். “லேட்டா வந்துச்சு இல்ல, அதுக்குத்தான்டா” என்று நிசார்தான் தீர்ப்புச் சொன்னான். அதற்கப்புறம் கிரிக்கெட்டுக்கு லேட்டாக வருகிற எவனாக இருந்தாலும் கதவு கிறீச்சிடுகிற குரலில் “என்னை மன்னிச்சிடுங்க” என்று சொன்னால்தான் டீமில் இடம்.

அந்த வருஷமே நிசார் அடித்த பந்து ஹெட்மாஸ்டர் ரூம் கண்ணாடியை உடைத்தது. யார் அடித்தது என்று கேட்டபோது நவநீதன் வாயே திறக்கவில்லை. உள்ளங்கை வீங்குகிற அளவுக்கு அடி வாங்கினான். வெளியே வந்ததும் நிசார் அவன் கையைப் பிடித்து ஊதிக்கொண்டே, “நீதான்டா கிர்கோ” என்றான். பெயர் அன்றைக்கு ஒட்டியது. ஊர் முழுக்க நான்கைந்து நிசார் அஹமது இருந்ததால் ‘கிர்கோவோட தோஸ்த் நிசார்’ என்று சொன்னால்தான் அவனையும் அடையாளம் தெரிந்தது. ஆக, ஒரு பெயரில் இரண்டு பேர் வாழ்ந்தார்கள்.

இப்போது அதே படம் மறுபடி வருகிறது. புதுசாகத் துடைத்து, மெருகேற்றி, வேலூர் மால் தியேட்டரில். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டதாக நிசார் போனில் செய்தி அனுப்பியிருந்தான். கூடவே குரல் பதிவு ஒன்று. “டேய் கிர்கோ, வேலை இருக்குது, கல்யாணம் இருக்குதுன்னு கதை வுடாத. நான் டிக்கெட் எடுத்தாச்சு. பைக்ல நானே வந்து இட்டுனு போறேன்.”

இதைக் கேட்டதும் துள்ளிக் குதித்திருக்க வேண்டிய ஆள் நவநீதன். ஆனால் அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். மூன்று மாதமாக அவன் நிசாரின் முகத்தை நேராகப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். இரண்டு பேரும் ஒரே கம்பெனி. நிசார் தோல் வெட்டுகிற செக்‌ஷனுக்குப் பொறுப்பு, நவநீதன் தரம் பார்க்கிறவன். ஷூவின் முன்பக்கத்துக்கு, அதாவது பார்க்கிறவன் கண்ணில் முதலில் படுகிற இடத்துக்கு, முதுகுத் தோலைத்தான் வெட்டவேண்டும். வயிற்றுத் தோல் தொளதொளவென்று இருக்கும், நாலு தடவை நடந்தால் சுருக்கம் விழுந்துவிடும். தைத்துப் பாலிஷ் போட்டுவிட்டால் வெட்டினவனைத் தவிர யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த வாரம் தோல் தட்டுப்பாடு. கப்பல் தேதி நெருங்கிவிட்டது. நிசார் ஒரு தோலைத் தூக்கிக்கொண்டு நவநீதனின் மேஜைக்கே வந்தான். மடக்கிக் காட்டினான்.

“பாரு, வயித்துப் பக்கம். முன்னாடி போட்டா ஆவாது. இன்னா சொல்ற?”

நவநீதன் விரலால் அழுத்திப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. “போட்டுடு நிசாரு. கொஞ்சம்தானே. நான் பாஸ் பண்ணிக்கிறேன்” என்றான்.

போட்டார்கள், பாஸ் ஆனது, சரக்கு போயிற்று, மொத்தமாகத் திரும்பியும் வந்தது. பரணிதரன் முதலில் நவநீதனைத்தான் உள்ளே கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒருவேளை உண்மை வந்திருக்கும். மேஜைமேல் ஒரு ஷூவை வைத்து, முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, “கிர்கோ, வெட்டுறதுக்கு முன்னாடி நிசார் இந்தத் தோலை உங்ககிட்ட காட்டினாரா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“காட்டல சார்.”

அவ்வளவுதான். யோசித்துச் சொன்ன பொய்யில்லை. சூடான பாத்திரத்திலிருந்து கை தானாக விலகுகிற மாதிரி வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் நிசாரைக் கூப்பிட்டார்கள். சாயங்காலமே அவன் வேலை போயிற்று. ஆம்பூரில் ஒரு கம்பெனியில் தரத்துக்காக வெளியே போனவனை இன்னொரு கம்பெனி எடுக்காது. சேதி அவனுக்கு முன்னாலேயே போய் அங்கே உட்கார்ந்திருக்கும். இருபது வருஷம் ஏற்றுமதி ஷூவுக்குத் தோல் வெட்டியவன் இப்போது மச்சான் கடையில் ரப்பர் செருப்புக்கு வார் வெட்டிக்கொண்டிருந்தான்.

இதைவிடக் கேவலம் ஒன்று அன்றைக்கு ராத்திரி நடந்தது. மனசு கேட்காமல் நவநீதன் நிசார் வீட்டுக்குப் போனான். நிசாரின் மனைவி ஷஹீன் பானு கண் சிவந்து கதவோரம் நின்றிருந்தாள். “அண்ணா, நீங்க உள்ளதான இருந்தீங்க. ஒரு வார்த்தை பேசக் கூடாதா?” என்று கேட்டாள்.

“பேசினேன் பாபி. எவ்வளவோ பேசிப் பாத்தேன். அந்த ஆளு காதுல போட்டுக்கல.”

அண்ணி முறைக்குப் பாபி என்று கூப்பிட்டு, நாக்கு கூசாமல் சொன்னான். அவள் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டும் வந்தான்.

ஆக, வேலூருக்குப் போகிற வழியெல்லாம் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த நவநீதன் பாடு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நிசாரோ காற்றில் கத்திப் பேசிக்கொண்டே ஓட்டினான். தியேட்டரில் நவநீதன் பாப்கார்னுக்குக் காசு எடுக்கப்போனால் கையைத் தட்டிவிட்டான். “வுடு. இன்னிக்கு எல்லாம் என்து. நீ எனக்காக அந்த மனுஷன்கிட்ட மல்லுக்கு நின்ன. நான் ஒரு படம் காட்டக் கூடாதா?”

நவநீதன் பாப்கார்ன் டப்பாவைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். இங்கேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அதற்குள் விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்ததில் அவனுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து உடனே ஒரு வெட்கம்.

படம் தொடங்கியதும் கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துபோனது. அன்றைக்குச் சாம்பல் கலரில் கலங்கலாகத் தெரிந்த சனிக்கிரகம் இப்போது திரை முழுக்கப் பொன் வளையத்தோடு சுழன்றது. சுரங்கத்தில் கிர்கோ முதல் தடவை தலையை நீட்டியபோது நிசார் சீட்டிலிருந்து எழுந்தே விட்டான். “வந்துட்டான்டா! நம்மாளு வந்துட்டான்!” பின் வரிசைக் கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். நவநீதனுக்கும் சிரிப்பு வந்தது. கிர்கோ ரொட்டியைப் பிய்த்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தது. பொந்தைக் காட்டியது. இனி அடுத்த காட்சி கூண்டு, குழந்தைகள் கம்பிக்குப் பின்னால் அழுவார்கள், அது இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

கூண்டு வரவில்லை.

அதற்குப் பதிலாகக் காவலாளிகளின் அறை வந்தது. இப்படி ஓர் அறையை அவர்கள் பார்த்ததே இல்லை. கிர்கோ நடுவில் நின்றிருந்தது. தலைமைக் காவலன் சாட்டையை எடுக்கக்கூட இல்லை, மேஜைமேல்தான் வைத்திருந்தான். “பிள்ளைகளை நீ பார்த்தாயா?” என்று சாதாரணமாகக் கேட்டான். கிர்கோ சாட்டையைப் பார்த்தது. மூன்று காதும் தொங்கிப்போயின. அப்புறம் ஒரு கையைத் தூக்கி, பொந்து இருக்கிற திசையைக் காட்டியது.

தியேட்டரில் ‘ச்சே’ என்று ஒரு சத்தம் எழுந்தது. பின் வரிசைப் பையன் ஒருவன், “துரோகி நாயே!” என்று கத்தினான்.

நவநீதன் திரையிலிருந்து தலையைத் திருப்பினான். திரையில் நிற்கிற பிராணியின் முகம் அத்தனை பெரிதாக இருந்தது. எங்கே பார்வையைத் திருப்பினாலும் அதன் ஒரு காதாவது கண்ணில் பட்டது. பரணிதரனின் கட்டைவிரலும் அந்த ஷூவும் ஞாபகத்துக்கு வந்தன. தன்னைப் பற்றித் தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை யாரோ முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே படம் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. எழுந்து ஓடிவிடலாம் என்றால் நிசாரின் முழங்காலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

நிசார் அவன் காதருகே குனிந்தான். “டேய், இது நம்மளுக்குக் காட்டவே இல்லடா! வாணியம்பாடியில மாட்டிக்கினு இருந்திருக்கும்!”

அது உண்மையாகத்தான் இருக்கவேண்டும். அந்த நாளில் ஒரே பிரிண்டை வாணியம்பாடித் தியேட்டரும் ஆம்பூர்த் தியேட்டரும் பங்கு போட்டு ஓட்டும். அங்கே ஓடி முடிந்த ரீலைப் பெட்டியில் போட்டு மொபெட்டில் இங்கே கொண்டுவருவார்கள். வழியில் பஞ்சர், ரயில்வே கேட் என்று ஏதாவது வந்தால் இங்கே விளக்கைப் போட்டுவிட்டு முறுக்கு விற்பார்கள். ஆனால் அந்தப் படத்துக்கு அப்படி விளக்கு போட்ட ஞாபகம் இல்லை. அந்த ரீல் அறுந்துபோயிருக்கும், இல்லை, வழியில் விழுந்திருக்கும். ஆபரேட்டர் அடுத்ததை மாட்டியிருப்பார். வெளிநாட்டுப் படம் அப்படித்தான் தாவும் என்று ஊரும் ஒத்துக்கொண்டிருக்கும். வாணியம்பாடியில் படம் பார்த்தவனுக்குக் கிர்கோ ஒரு கோழை. ஆம்பூரில் பார்த்தவனுக்கு அது தெய்வம். ஒரு மொபெட் செய்த வேலை அது.

மிச்சப் படத்தை நவநீதன் பார்த்தான் என்று சொல்லமுடியாது. கடைசியில் கதவு இறங்கியது, கிர்கோ ஓடிவந்து முதுகைக் கொடுத்தது, “என்னை மன்னிச்சிடுங்க” என்றது. இந்தத் தடவை எதற்கென்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டியிருக்கவில்லை. நிசார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நவநீதனுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்தப் பிராணிக்கு என்ன, செய்த தப்புக்குச் சாவதற்கு ஒரு கதவு கிடைத்துவிட்டது. செத்துக் கணக்கை முடித்துக்கொண்டது. இங்கே திங்கட்கிழமை காலையில் எழுந்து, அதே கம்பெனிக்குப் போய், அதே மேஜையில் உட்காரவேண்டும்.

வெயில் தணிகிற நேரத்தில் கிளம்பினார்கள். நிசார் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் ஓட்டினான். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியது. தெரிந்துகொண்டானோ என்று நவநீதனுக்குத் திக்கென்றது. அப்படித் தெரிந்துகொண்டிருந்தால் நல்லது என்றும் இருந்தது, தானாகச் சொல்கிற வேலை மிச்சம். மாதனூருக்கு முன்னால் சர்வீஸ் ரோட்டில் ஒரு டீக்கடையைப் பார்த்து நிசார் வண்டியை ஓரங்கட்டினான். இரண்டு டீ சொன்னான். டம்ளர் கைக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“நவநீதா.”

நவநீதன் திரும்பிப் பார்த்தான். நிசார் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

“எனக்கு ஒரே பேஜாரா இருக்குது. ஆறாங்கிளாஸ்லேர்ந்து உன்ன ஒரு துரோகி பேரச் சொல்லிக் கூப்டுனு இருந்திருக்கேன். ஊரையும் கூப்பிட வெச்சிருக்கேன். உன் கல்யாணப் பத்திரிகையிலகூடப் போட்டாங்க. எனக்காக அடி வாங்கினவன் நீ. எனக்காகப் பேசினவன் நீ. உனக்குப் போய் அந்தப் பேரு வெச்சேனே.” நிசார் டீயைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்தான். “தெரியாமப் பண்ணிட்டேன்டா. மன்னிச்சிடு. இனிமே அந்தப் பேரச் சொல்ல மாட்டேன்.”

கிண்டலுக்குச் சொல்லவில்லை, அந்தக் கிறீச்சுக் குரலில் சொல்லவில்லை, சொந்தக் குரலில் சொன்னான். நவநீதனுக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பான். இந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு பைக்கில் ஏறி உட்கார அவனால் முடியவில்லை.

“காட்டினே நிசாரு” என்றான்.

“இன்னா?”

“அந்தத் தோலை எங்கிட்ட காட்டினே இல்ல. போட்டுடுன்னு நான்தான சொன்னேன். மானேஜர் கேட்டாரு, நிசாரு காட்டினாரான்னு. காட்டலன்னு சொல்லிட்டேன்.” நிறுத்தினால் மறுபடி வராது என்று பயந்து ஒரே மூச்சில் மிச்சத்தையும் கொட்டினான். “உனக்காக நான் ஒரு வார்த்தை பேசல. பாபிகிட்ட சொன்னது பொய்யி. பயந்துட்டேன்டா. அவ்ளோதான். பயந்துட்டேன்.”

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கடைக்காரர் டீயை உயர்த்தி ஆற்றிக்கொண்டிருந்தார். நிசார் டம்ளரைப் பெஞ்சின்மேல் வைத்தான்.

“எப்போ கேட்டாரு? என்னக் கூப்பிடுறதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

“முன்னாடி.”

நிசார் தலையை ஆட்டினான். மனசுக்குள் எதையோ வரிசைப்படுத்திப் பார்க்கிறவன் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். “உள்ள போனதும் எங்கிட்டயும் அதே கேட்டாரு. கிர்கோவுக்குக் காட்டினீங்களான்னு. உன்னயும் சேத்து அனுப்பிடுவாங்கன்னு நான் பயந்துட்டேன். உனக்கு ரெண்டும் படிக்கிற பொண்ணுங்க. இல்ல சார், காட்டல, என் தப்புதான்னு சொல்லிட்டேன். உன்னக் காப்பாத்திட்டேன்னு நெனச்சுனு வெளிய வந்தேன்.” அவன் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நவநீதன் தரையைப் பார்த்தான். “நீ ஏற்கெனவே தப்பிச்சுட்டது தெரியாம நான் உன்னக் காப்பாத்தினு இருந்திருக்கேன்!”

நவநீதனுக்கு இது தெரியாது. மூன்று மாதமாக அவன் தன் பொய்தான் நிசாரை வெளியே தள்ளியது என்று நினைத்துக்கொண்டிருந்தான். அதே பொய்யை நிசாரும் சொல்லியிருக்கிறான், அதே அறையில், அதே நாற்காலிக்கு எதிரே நின்று. தான் சொன்னது தன்னைக் காப்பாற்ற; நிசார் சொன்னதும் இந்த நவநீதனைக் காப்பாற்றத்தான். நாளைக்குக் காலையிலேயே பரணிதரனிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்ல வாய் எடுத்தான். நிசார் கையைக் காட்டி நிறுத்தினான்.

“அத நீ சொல்லு, சொல்லாத, அது உன் இஷ்டம். எனக்கு இப்போ வேற கவலை.”

“இன்னா?”

“ஷஹீன். அன்னிலேர்ந்து அஞ்சு வேளையும் தொழுதுட்டு உனக்குத் துவா கேக்குறா. எங்களுக்காகப் பேசின அண்ணன், அவரு வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது, அவரு புள்ளைங்க நல்லா இருக்கணும்னு. எனக்கு வேலை கெடைக்கணும்னு கேக்குறதுக்கு முன்னாடி உனக்குத்தான் கேக்குறா. நான் பக்கத்துல உக்காந்து ஆமீன் சொல்றேன்.”

நிசார் சாவியை எடுத்தான். ஆனால் வண்டியில் ஏறவில்லை.

“இப்போ வூட்டுக்குப் போனா சாயங்கால மக்ரிப் தொழுகைக்கு அவ பாய் விரிச்சிருப்பா. நான் இன்னா பண்ணட்டும்? அந்தத் துவாவ நிறுத்தச் சொல்லட்டுமா, இல்ல பக்கத்துல உக்காந்து ஆமீன் சொல்லட்டுமா? நீயே சொல்லு.”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். நிசார் பைக்கைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தான்.